தள்ளிப்போன ஒப்பரேஷன்: கொழும்பில் பெருந்தொற்றுக் காலமும் அதன் பிறகும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை ஊரடங்கு போட்டபோது, அம்மாவின் பித்தப்பைக் கல் ஒப்பரேஷனுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அந்தத் திகதி மூன்று தடவை மாறியது. கடைசியில் திகதி பார்க்காமலே, ஒரு நள்ளிரவில், அவசரமாக வயிற்றைத் திறந்து செய்தார்கள். அதற்குப் பிறகு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் யாருக்குக் கிளினிக் என்றாலும் கொப்பியை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள், துணைக்குக் கூப்பிடுவார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்ல. உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்களைப் பார்க்கும் டொக்டரிடமே கேளுங்கள்.

“அவசரமில்லாத சத்திரசிகிச்சை” என்று சொன்னார்கள். அப்படியென்றால் செய்யாமலே விடலாமா?

விட முடியாது. இந்த ஒரு சொல்லால் ஏமாந்தவர்கள் ஏராளம், நாங்களும் ஏமாந்தோம். வெடித்த அப்பெண்டிக்ஸ், விபத்தில் உள்ளுக்குள் இரத்தக் கசிவு, வயிற்றுப் பிள்ளை திணறுவது போன்றவற்றை அந்த இரவே செய்ய வேண்டும். மற்ற எல்லாவற்றையும் நாள் குறித்துச் செய்யலாம். கண்புரை, ஹேர்னியா, முழங்கால் மூட்டு மாற்று, பித்தப்பைக் கல், கருப்பைக் கட்டி எல்லாம் அதில் சேரும். இதய பைபாஸில் பெரும்பாலானவையும், புற்றுநோய்க் கட்டியை அகற்றுவதும் அதே பட்டியலில்தான். நாள் குறிக்க அவகாசம் இருக்கிறது என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் எதுவும் இல்லை. அந்த அவகாசம் எத்தனை வாரம் என்பது நோய்க்கு நோய் மாறும். அதை அன்றைக்கே கேட்டு எழுதி வைக்காதது எங்கள் பிழை.

எனக்குக் கொரோனா இல்லை. பிறகு ஏன் என் ஒப்பரேஷனை நிறுத்தினார்கள்?

இதைக் கோபத்தோடு கேட்டவர்கள்தான் அதிகம். அந்தக் கோபம் எனக்கும் இருந்தது. காரணங்களை ஒவ்வொன்றாக அறிந்த பிறகுதான் அடங்கியது.

முதலாவது, மயக்கமருந்து. முழு மயக்கம் கொடுக்கும்போது நோயாளியின் தொண்டைக்குள் குழாய் இறக்குவார்கள். அப்போது அவருடைய மூச்சுக்காற்று நேரே எதிரில் நிற்பவரின் முகத்துக்கு வரும். நோய் உள்ளவர் என்றால் தியேட்டரில் நிற்கும் அத்தனை பேருக்கும் ஆபத்து. தடுப்பூசி வருவதற்கு முன் அது சிறிய ஆபத்தாக இருக்கவில்லை. இலங்கையில் சுகாதார ஊழியர்களுக்கு ஊசி போடத் தொடங்கியதே 2021 ஜனவரி 29ஆம் திகதிதான்.

இரண்டாவது, ஆட்கள். தியேட்டரில் மயக்கம் கொடுக்கும் நிபுணர்தான் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சு இயந்திரத்தையும் கவனிக்கத் தெரிந்தவர். தாதியரும் அப்படித்தான். மூச்சுத் திணறி வருபவர்கள் கூடக்கூட அவர்களை அங்கே அனுப்பாமல் வேறு வழி இருக்கவில்லை. ஒப்பரேஷனுக்குப் பிறகு உங்களைக் கிடத்த வேண்டிய தீவிர சிகிச்சைக் கட்டிலும் அப்போது இன்னொருவரிடம் இருந்தது.

மூன்றாவது காரணம் நோயாளியின் உயிரே. தொற்று உடம்பில் இருக்கும்போது கத்தி வைத்தால் என்ன ஆகும் என்று 24 நாடுகளின் 235 வைத்தியசாலைகளில் பார்த்தார்கள். 2020 மே மாதம் வெளிவந்த அந்த ஆய்வில் 1,128 நோயாளிகள். அவர்களில் 23.8 சதவீதமானோர் 30 நாளுக்குள் இறந்துபோனார்கள். பாதிப் பேருக்கு நுரையீரல் சிக்கல். பெரும்பாலோர் அவசரமாகக் கொண்டுவரப்பட்டவர்கள்தான். ஆனால் நாள் குறித்து வந்தவர்களிலும் இறப்பு 18.9 சதவீதமாக இருந்தது. கல் எடுக்கப் போய் உயிரை விடும் நிலை அது. அம்மாவின் திகதியை முதல் தடவை தள்ளிய டொக்டர் சரியாகத்தான் செய்தார் என்று இந்த எண்களைப் பார்த்த பிறகு ஒத்துக்கொண்டேன்.

இரத்தமும் ஒரு காரணம். நம் நாட்டில் இரத்தம் முழுக்க முழுக்கத் தொண்டாகக் கொடுப்பவர்களிடமிருந்து வருகிறது. கோயிலிலும் விகாரையிலும் பள்ளிக்கூடத்திலும் முகாம் வைத்துத்தான் பெரும்பகுதியைச் சேர்ப்பார்கள். ஆட்கள் கூடவே தடை என்றால் முகாம் எப்படி நடக்கும்?

உலகத்தில் எத்தனை பேருக்கு இப்படி நடந்தது?

முதல் அலையின் மிக மோசமான 12 வாரத்தில் மட்டும் 2 கோடி 84 இலட்சம் ஒப்பரேஷன்கள் தள்ளிப்போகும் அல்லது ரத்தாகும் என்று 190 நாடுகளை வைத்து ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். வழமையாக நடப்பதில் 72.3 சதவீதம். அவற்றில் பத்தில் ஒன்பது புற்றுநோய் அல்லாத நோய்களுக்கானவை. எல்லா நாடுகளும் வழமையை விட 20 சதவீதம் கூடுதலாகச் செய்தாலும் தேங்கியதை முடிக்க ஏறக்குறைய 45 வாரம் ஆகும் என்றும் சொன்னார்கள். அந்தக் கணக்கு ஒரு அலைக்கு மட்டும்.

கொழும்பில் எப்படி இருந்தது? எனக்கு எந்த வருடம் எது என்றே குழப்பமாக இருக்கிறது.

எல்லோருக்கும் அப்படித்தான். ஆனால் உங்கள் திகதி ஏன், எப்போது போனது என்று கிளினிக்கில் சொல்ல வேண்டி வரலாம். ஆகவே வரிசையைத் தெரிந்து வைத்திருங்கள்.

2020 ஜனவரி 27: முதல் நோயாளி, சீனாவிலிருந்து சுற்றுலா வந்த ஒரு பெண். அங்கொடை தொற்றுநோய் வைத்தியசாலையில் வைத்துச் சுகப்படுத்தி அனுப்பினார்கள். மார்ச் இரண்டாம் வாரத்தில் உள்ளூர்ச் சுற்றுலா வழிகாட்டி ஒருவர். 20ஆம் திகதி ஊரடங்கு. மற்ற மாவட்டங்களைத் திறந்துவிட்ட பிறகும் கொழும்பும் கம்பஹாவும் மே 26 வரை பூட்டியே கிடந்தன. முல்லேரியா வைத்தியசாலையைக் கொரோனாவுக்கென்று ஒதுக்கினார்கள். கிளினிக் மருந்துகளைத் தபால்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்ததும் அந்தக் காலத்தில்தான். பிரஷர், சீனி மாத்திரை நின்றுபோகாமல் பலரைக் காப்பாற்றிய ஏற்பாடு அது. தபால்காரர்களுக்கு யாரும் போதுமான நன்றி சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

பிறகு கொஞ்சம் மூச்சு விட்டோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கிளினிக்குகள் மெல்லத் திறந்தன. அம்மாவுக்கும் ஒக்டோபர் கடைசியில் புதுத் திகதி கிடைத்தது. ஆனால் ஒக்டோபர் ஆரம்பத்தில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் தொற்று பரவியது, அதைத் தொடர்ந்து பேலியகொடை மீன் சந்தையிலும். மட்டக்குளி, முகத்துவாரம், புளூமெண்டல், கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை என்று வடகொழும்பு முழுவதையும் தனிமைப்படுத்தினார்கள். எங்கள் ஒழுங்கைக்குக் குறுக்கே மஞ்சள் நாடா கட்டியிருந்தது. அம்மா உடுப்புப் பையைத் தயாராக வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது அலை 2021 சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு. மே 21 முதல் ஜூன் 21 வரை பயணத் தடை, ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை மறுபடி ஊரடங்கு. ஓகஸ்ட் கடைசியில் ஒரு நாளில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒட்சிசனுக்கு அலைந்த அந்த வாரங்களில் ஹேர்னியாவைப் பற்றி யாரிடம் போய்ப் பேசுவது?

பெரியாஸ்பத்திரி திறந்துதானே இருந்தது. ஆட்கள் ஏன் போகவில்லை?

பயத்தால். தொற்றுக்கும் பயம், தனிமைப்படுத்தல் முகாமுக்கும் பயம். தமிழ் பேசும் முஸ்லிம் வீடுகளில் இன்னொரு பயமும் இருந்தது. கொரோனாவால் இறந்தவர்களின் உடலை எரித்தே ஆகவேண்டும் என்று 2020 ஏப்ரலில் விதி வந்தது. 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்கம் செய்ய அனுமதித்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டு உம்மாவுக்குக் கருப்பைக் கட்டி. இரத்தப்போக்கு நிற்காமல் வெளிறிப் போனார். “ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கே கொரோனா என்று சொல்லி எரித்துவிட்டால்?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் பத்து மாதம் வீட்டிலேயே இருந்தார். சத்திரசிகிச்சை தள்ளிப்போனதைப் பற்றிப் பேசும் யாரும் இந்தப் பத்து மாதத்தைக் கணக்கில் சேர்க்காமல் பேசக்கூடாது. அது எந்தத் தியேட்டர் பதிவிலும் இருக்காது.

காத்திருந்தால் அப்படி என்ன கெட்டுவிடும்?

அம்மாவின் கதையைச் சொல்கிறேன். பித்தப்பையில் கல் இருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு வலி வந்து போகும். ஒவ்வொரு தடவையும் கல் வாயிலை அடைத்துத் திறப்பதுதான் அந்த வலி. ஒருநாள் அடைத்தது திறக்காமல் போனால் பை வீங்கும், கிருமி பிடிக்கும். கல் நழுவிப் பித்தக்குழாயில் சிக்கினால் கண் மஞ்சளாகும், கணையமும் வீங்கலாம். அம்மாவுக்கு 2021 ஜூனில் பை வீங்கிச் சீழ் கட்டியது. முதலில் சொன்ன திகதியில் செய்திருந்தால் சிறு துளைகள் வழியாக எடுத்து, ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். 15 மாதம் கழித்துச் செய்தபோது வயிற்றைக் குறுக்கே வெட்டி, 11 நாள் வாட்டில் இருந்தார்.

ஹேர்னியாவில் குடல் சிக்கி இரத்த ஓட்டம் நின்றால் அதுவும் இப்படி அவசரமாகிவிடும். கண்புரையில் உயிர் ஆபத்து இல்லை. ஆனால் பார்வை மங்கியவர் படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால்? முழங்கால் வலியோடு ஒன்றரை வருடம் கதிரையில் இருந்தவரின் தொடைத் தசை வற்றிப்போகும். பிறகு புது மூட்டு போட்டாலும் நடக்கப் பழகுவது கடினம். உட்கார்ந்தே இருந்ததில் சீனியும் எடையும் ஏறி, அதனால் மயக்கம் கொடுப்பதே ஆபத்தாகி, மறுபடியும் தள்ளிவைத்த ஆட்களை எனக்குத் தெரியும்.

புற்றுநோய் ஒப்பரேஷனையும் நிறுத்தினார்களா?

முடிந்தவரை நடத்தினார்கள். மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை முடக்க நாட்களிலும் நோயாளிகளைப் பார்த்தது. ஆனால் வவுனியாவிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் அங்கே வந்து சேர்வதே ஒரு போராட்டமாக இருந்தது. 61 நாடுகளில் 20,006 புற்றுநோயாளிகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, முழு முடக்கத்தில் இருந்த இடங்களில் ஏழு பேரில் ஒருவருக்குத் திட்டமிட்ட ஒப்பரேஷன் நடக்கவேயில்லை என்று கண்டது. புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை நான்கு வாரம் பிந்தினால் இறக்கும் ஆபத்து 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்று 2020 நவம்பரில் வந்த இன்னொரு ஆய்வு சொல்கிறது. ஆகவே கட்டி என்று ஒரு சொல் உங்கள் கொப்பியில் இருந்தால், “அழைப்போம்” என்ற பதிலோடு வீட்டுக்குத் திரும்பாதீர்கள். எந்த வாரம் என்று கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு?

பிள்ளைகளுக்கு வயதுதான் கணக்கு. விதை கீழே இறங்காத ஆண் குழந்தைக்கு 6 முதல் 18 மாதத்துக்குள் செய்வது நல்லது. பிறவிக் கண்புரை என்றால் சில வாரங்களே அவகாசம். பிந்தினால் மூளை அந்தக் கண்ணால் பார்க்கப் பழகாது. அண்ணப் பிளவைப் பிள்ளை பேச்சு பழகும் முன் மூட வேண்டும். பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் திகதி தவறியிருந்தால் பிள்ளையின் வயதை மாதக் கணக்கில் முதலில் சொல்லுங்கள்.

கொரோனா வந்து சுகமாகிவிட்டது. எத்தனை நாள் கழித்து ஒப்பரேஷன் செய்யலாம்?

116 நாடுகளில் 1,40,231 நோயாளிகளை வைத்துச் செய்து 2021இல் வந்த ஆய்வு ஏழு வாரம் என்று சொன்னது. தொற்றே வராதவர்களில் 30 நாளில் இறப்பு 1.5 சதவீதம். தொற்று வந்து இரண்டு வாரத்துக்குள் செய்தால் 4.1, ஐந்து ஆறு வாரத்தில்கூட 3.6. ஏழு வாரம் கடந்தால் திரும்ப 1.5க்கு வந்துவிடுகிறது. ஏழு வாரத்துக்குப் பிறகும் இருமலோ இளைப்போ இருந்தவர்களில் மட்டும் 6 சதவீதம். அது தடுப்பூசிக்கு முந்திய காலக் கணக்கு. இப்போது வருவது பெரும்பாலும் இலேசான தொற்று என்பதால் ஆளைப் பார்த்து, ஒப்பரேஷனின் பாரத்தைப் பார்த்து, குறைந்த இடைவெளியிலும் செய்கிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே: காய்ச்சல், இருமல் வந்ததை மறைக்காமல் மயக்கமருந்து டொக்டரிடம் சொல்வது. திகதி போய்விடும் என்று பயந்து மறைத்தவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள்.

பெருந்தொற்று முடிந்த பிறகும் ஏன் உடனே நடக்கவில்லை?

2022 வந்தது. டொலர் இல்லை, மருந்து இல்லை, மின்சாரம் இல்லை. மார்ச் கடைசியில் பேராதனை போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டால் நாள் குறித்த சத்திரசிகிச்சைகளை நிறுத்தி வைத்தது, நாடே பேசிய செய்தி. கொழும்பில் இருந்தவர்கள் பெற்றோல் வரிசையில் நின்றே கிளினிக்கைத் தவறவிட்டார்கள். அந்த வருடத்திலும் அதன் பிறகும் வெளிநாடு போன வைத்தியர்களும் தாதியரும் எத்தனை பேர் என்று உங்கள் வாட்டிலேயே கேட்டால் தெரியும். கொரோனாவில் தேங்கிய வரிசை கரைவதற்கு முன்பே அதன் மேல் இன்னொரு வரிசை ஏறி நின்றது.

தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டிச் செய்துவிடலாமா?

வசதி இருந்தால் செய்யுங்கள், அதில் தவறு இல்லை. நகையை அடகு வைத்துச் செய்ய நினைப்பவர்கள் மட்டும் ஒரு நிமிடம் பொறுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இது இலவசம். அதே நிபுணரைப் பின்னேரம் தனியாரில் ஒரு தடவை சனல் பண்ணி (காசு கட்டி நேரம் எடுத்துப் பார்த்து), “எனக்கு எவ்வளவு காலம் பொறுக்கலாம்?” என்று மட்டும் கேளுங்கள். ஆறு மாதம் பொறுக்கலாம் என்றால் நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

என் திகதி போனது போனதுதான். மறுபடி எடுக்க என்ன செய்வது?

தானாக அழைப்பார்கள் என்று இருக்காதீர்கள். பல இடங்களில் திகதி எழுதும் புத்தகம் அந்தந்த வாட்டிலோ கிளினிக்கிலோதான் இருக்கிறது. டொக்டர் இடமாற்றமாகிப் போனால், புத்தகம் முடிந்து புதியது தொடங்கினால், உங்கள் பெயர் பழைய பக்கத்திலேயே நின்றுவிடும். அம்மாவின் பெயர் அப்படித்தான் ஒரு தடவை தவறியது.

கிளினிக் நாளில் காலையிலேயே போங்கள். கொப்பி, டயக்னோசிஸ் கார்ட் (வாட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் அட்டை), ஸ்கேன், இரத்தப் பரிசோதனைத் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, ஃபோனில் படமும் எடுத்து வைத்திருங்கள். முதல் திகதி எது, எத்தனை தடவை மாறியது, அதற்குப் பிறகு வலி கூடியதா, எடை குறைந்ததா, இரவில் எழும்புகிறீர்களா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டொக்டருக்கு உங்களோடு பேச ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும். நிலைமை மோசமாகியிருந்தால் வரிசையில் முன்னுக்குக் கொண்டுவர அவர்களுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அது அவர்களுக்குத் தெரிய வேண்டும். பழைய ஸ்கேன் ஒரு வருடத்துக்கு மேல் என்றால் புதிதாக எடுக்கச் சொல்வார்கள், சலிப்படையாதீர்கள்.

ஃபோன் இலக்கத்தைச் சரி பாருங்கள். சிம் மாற்றியதால் அழைப்பு வராமல் இடம் இழந்த மூன்று பேரை எனக்கே தெரியும்.

அழைப்பு சிங்களத்தில் வந்தது. அம்மாவுக்கு விளங்கவில்லை, “ஹரி, ஹரி” என்று சொல்லி வைத்துவிட்டார்.

எங்கள் வீட்டிலும் இதே கதை. சாப்பிடாமல் வரவேண்டும், அஸ்பிரினை நிறுத்த வேண்டும், எல்லாம் அந்த ஒரு அழைப்பில்தான் சொல்வார்கள். கொப்பியில் இரண்டாவது இலக்கமாகச் சிங்களம் தெரிந்த பிள்ளையின் அல்லது பக்கத்து வீட்டாரின் இலக்கத்தை எழுதச் சொல்லுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழ் தெரிந்த ஒருவரை அழைக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. தயங்காமல் கேளுங்கள். பெரும்பாலான நேர்ஸ் மிஸ்மார் யாரையாவது தேடிக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

காத்திருக்கும் நாட்களில் எதற்குப் பயப்பட வேண்டும்?

பித்தப்பைக் கல் உள்ளவருக்குக் காய்ச்சலோடு வலி வந்து நிற்காவிட்டால், கண் மஞ்சளானால். ஹேர்னியா உள்ளே போகாமல் கடினமாகி வாந்தி வந்தால். இதய நோயாளிக்கு ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சு வலித்தால். இரத்தப்போக்கில் தலை சுற்றி விழுந்தால். இவற்றில் எது வந்தாலும் திகதியை மறந்துவிட்டு 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம்.

மற்றபடி சிகரெட்டை விடுங்கள், சீனியைக் கட்டுப்பாட்டில் வையுங்கள், தினமும் நடக்க முடிந்த அளவு நடவுங்கள். இவற்றால் மயக்கத்திலிருந்து எழும்புவது சுலபமாகும்.

இன்னொரு பெருந்தொற்று வந்தால் மறுபடியும் எல்லாவற்றையும் பூட்டுவார்களா?

பூட்டாமல் இருக்க வழி உண்டு. தொற்று நோயாளிகள் நுழையாத தனி வாட், தனித் தியேட்டர், தனி ஆட்கள் என்று பிரித்து வைத்த வைத்தியசாலைகளில் புற்றுநோய் ஒப்பரேஷன் செய்தவர்களை, 55 நாடுகளில், பிரிக்காத இடங்களோடு ஒப்பிட்டார்கள். நுரையீரல் சிக்கல் பிரித்த இடத்தில் 2.2 சதவீதம், பிரிக்காத இடத்தில் 4.9. கொழும்பிலும் அதைச் சுற்றியும் தேசிய வைத்தியசாலை, கண் வைத்தியசாலை, களுபோவில, றாகம, மஹரகம என்று எத்தனை இருக்கின்றன! அவற்றில் ஒன்றிரண்டை நாள் குறித்த சத்திரசிகிச்சைக்கென்றே சுத்தமாக வைத்திருக்க முன்கூட்டியே திட்டம் வேண்டும். நோய் வந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது.

கொரோனா பயத்தில் கொடுத்த திகதிக்கு நான்தான் போகவில்லை. இப்போது போனால் ஏசுவார்களா?

உம்மாவும் இதையேதான் கேட்டார். 2021இல் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் ஒரு மிஸ் கொப்பியைப் புரட்டி, “இவ்வளவு நாள் எங்கே இருந்தீங்க?” என்றார். உம்மா அழுதுவிட்டார். அந்த மிஸ் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, இரத்தம் சோதிக்கத் துண்டு எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 6 இருந்தது. முதலில் இரத்தம் ஏற்றி, ஏழாவது வாரம் ஒப்பரேஷன் செய்தார்கள். கொப்பி தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, அடையாள அட்டையோடு போங்கள்.